அறுபத்துமூன்றாம் பக்கத்துக்குப் பதில்

தபால்காரர் வழக்கமாக மோட்டார் சைக்கிளில் வருவார். நகைச்சுவை நடிகர் இறந்த நான்காம் நாள் வேனில் வந்தார்.

"பதிலக்கா, கேட்டை நல்லாத் தொறங்க. மூணு மூட்டை. இன்னிக்கு வந்தது மட்டும்."

மூட்டைகள் முன்னறையில் இறங்கின. அந்த அறையின் ஜன்னலோர மேசையில் இருபத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து நடிகருக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதியவள் எழுந்து வந்து ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தாள். கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். 'எங்கள் வீட்டில் ஒருவரை இழந்துவிட்டோம்' என்று தொடங்கியது. இன்னொன்று. 'உங்களைப் போல ஒருவர் இனிப் பிறக்கப்போவதில்லை.' மூன்றாவதில் எழுத்தே இல்லை. ஏதோ ஒரு குழந்தை அவருடைய பெரிய மூக்கை மட்டும் வரைந்து அனுப்பியிருந்தது.

"எல்லாம் அழுகைதானா?" என்று தபால்காரர் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம்."

"போன வருஷம் இதே மாசம் நான் கொண்டுவந்தது ஞாபகம் இருக்காக்கா? மொத்தமே ஒரே ஒரு கார்டு. அதுலயும்..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டார். கார்டுக்கு உறை கிடையாது. அவரும் படித்திருந்தார்.

அதில் இரண்டே சொற்கள். 'இன்னும் சாகலையா?'

அந்தக் கார்டுக்கும் அவள் பதில் போட்டிருந்தாள்.

பதிலக்கா என்பது நடிகர் வைத்த பெயர். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது, அவருக்கு நாற்பத்தைந்து. "வயசு என்னவிடக் கம்மிதான். ஆனா மொகத்தப் பாத்தா எனக்கே ஹோம்வொர்க் குடுத்துருவாங்க போலிருக்கு. அக்கான்னே கூப்பிடுவோம்" என்றார் அவர். அன்றிலிருந்து சமையல்காரர், டிரைவர், தபால்காரர் எல்லோருக்கும் அவள் அக்கா. நடிகரின் மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்கும் அக்காதான்.

கல்யாணமாகிப் பதினோராம் மாதம் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். ஏன் என்று கேட்டவர்களுக்கு 'ஒத்துவரல' என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைத்ததில்லை. பெற்றவர்கள் போன பிறகு வீடு தம்பியின் வீடாயிற்று. அவள் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, மூன்றாம் மாடியில் ஒற்றை அறைக்குக் குடிபோனாள். தம்பி மாதம் ஒருமுறை போன் செய்து "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பான். அறையில் அவள் ஒருத்திதான். "எல்லாரும் சௌக்கியம்" என்பாள்.

வேலையில் அவளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. காலை பத்து மணிக்கு உறைகளைப் பிரிப்பாள். படித்து, பதில் எழுதி, மூலக் கடிதத்தின் வலது மேல் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டு, கீழே பதில் போன தேதியைக் குறிப்பாள். சிவப்பு டிக் விழாத கடிதம் இரும்புப் பெட்டிக்குள் போகாது. அது மேசை மேலேயே கிடந்து அவள் தூக்கத்தைக் கெடுக்கும். கையெழுத்தும் அவள்தான் போடுவாள். நடிகரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "முதல் எழுத்துக்கு என்னை மாதிரி தொப்பை இருக்கணும். கடைசி எழுத்து வாலாட்டணும்." ஆறு மாதத்தில் எது யார் போட்டது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. ஆனால் அவர் சம்மதமில்லாமல் ஒரு கையெழுத்தும் அவள் போட்டதில்லை. அது அவளுடைய கௌரவம்.

மாலை நான்கு மணிக்கு நடிகர் தேநீரோடு எதிரே வந்து உட்காருவார். அன்றைய கடிதங்களில் நல்ல ஐந்தாறை அவள் வாசித்துக் காட்டுவாள். சிலதற்குப் பதிலை அவரே சொல்வார். அவள் குறிப்பு நோட்டில் சுருக்கெழுத்தில் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவளுடைய நாள். அவளுடைய வாழ்க்கையும் அவ்வளவுதான் என்று தம்பி மனைவி சொன்னதாகக் காதில் விழுந்தது. அவள் மறுக்கவில்லை.

பிறகு அந்த நாற்பது விநாடிகள் வந்தன.

ஒரு விருது விழா. நடிகருக்கு அறுபத்தைந்து வயது. மேடையில் பேச ஆரம்பித்தவருக்கு நாக்கு குழறியது. கால் பின்னியது. மைக்கைப் பிடித்தபடியே சரிந்தார். மைக் உருண்டு ஓடியது. "சாருக்கு விருந்து முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு போல!" என்றார் தொகுப்பாளர். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ போனில் எடுத்த படம் மறுநாள் காலைக்குள் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. 'தள்ளாடி' என்று பட்டப்பெயர் வந்தது. பள்ளிக்கூடத்தில் தடுக்கி விழுந்த பிள்ளையைக்கூட அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள்.

அந்தப் படத்தின் கடைசி விநாடியில், திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டு அவருடைய முழங்கையைப் பிடிக்கும். யாருடைய கை என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலோடு மேடையின் ஓரத்தில் நின்றிருந்த பதிலக்காவின் கை அது.

அவர் குடித்திருக்கவில்லை. நரம்பு நோய். மூன்று மாதத்துக்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். வெளியில் சொல்லிவிடலாம் என்று அவள் கெஞ்சினாள்.

"வேணாங்க்கா. குடிச்சான்னு நெனச்சா சிரிப்பாங்க. நோயின்னு தெரிஞ்சா உச் கொட்டுவாங்க. நான் காமெடியன். எனக்கு எது மரியாதை, நீங்களே சொல்லுங்க."

"இது சிரிக்கிற சிரிப்பு இல்ல சார்."

"சிரிப்புல ரகம் பாக்க முடியுமா? வர்றத வாங்கிக்க வேண்டியதுதான்." யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த யாரிடமும் என்பதில் வெளிநாட்டில் இருந்த மகளும் அடக்கம்.

முதல் மாதம் ஆயிரத்துச் சொச்சம் கடிதங்கள் வந்தன. பரிவாக எழுதியவர்கள் நான்கு பேர். மீதியெல்லாம் வசவு. அவள் ஒன்றையும் விடவில்லை. 'உங்கள் கடிதம் கிடைத்தது. நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி' என்று அவருடைய படம் போட்ட அட்டையில் எழுதி, தொப்பையும் வாலுமாகக் கையெழுத்திட்டு அனுப்பினாள். அது அவரே சொன்ன வாசகம். ஒரு வருஷத்தில் வசவும் வற்றிப்போனது. பட வாய்ப்பும் நின்றது. மகள் போன் செய்வதும் குறைந்தது. தபால்காரர் கேட்டைத் தாண்டிப் போகும்போது கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

ஆனால் நான்கு மணி தினமும் வந்தது. நடிகர் சக்கர நாற்காலியில் வந்து எதிரே நின்று, நடுங்கும் கையை மறு கையால் அமுக்கிக்கொண்டு கேட்டார்: "என்னக்கா, இன்னிக்கு யாரு எழுதியிருக்கா?"

முதல் தடவை அவள், "ஒரு டீச்சரம்மா எழுதியிருக்காங்க சார்" என்று வெறும் தாளைப் பார்த்து வாசித்தாள். வாய்க்கு வந்ததுதான். இருபது வருஷம் கடிதங்களிலேயே ஊறியவளுக்கு அது கஷ்டமில்லை. முதலில் நலம் விசாரிப்பார்கள். நடுவில் தங்கள் கதை. முடிக்கும்போது ஒரு சின்ன வேண்டுகோள்.

"குடுங்க, பாக்கறேன்" என்று அவர் கையை நீட்டியதும் அவளுக்கு வேர்த்துவிட்டது. "ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன் சார்" என்று சமாளித்தாள். அன்று மாலை தன் அறையில் உட்கார்ந்து டீச்சரின் கடிதத்தை எழுதினாள்.

அப்படி எட்டு வருஷத்தில் நாற்பத்தொரு கடிதங்கள். இடது கையால் சிலது. ஸ்கேலை வைத்துக் கோடு தாண்டாமல் எழுதியது, கண் மங்கிய ஒரு பெரியவர் பெயரில். பழைய நோட்டிலிருந்து கிழித்த தாள், தேநீர்க் கறை, நான்காக மடித்த தழும்பு. நடிகர் ஒவ்வொன்றையும் வாங்கி ஒரு ஃபைலில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அவருக்கு மிகவும் பிடித்தது பச்சை மையில் வந்த ஒரு கடிதம். லாரி ஓட்டுகிற ஒருவன் எழுதியது.

'ஐயா, எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. சாப்பிடும்போது போனில் உங்கள் படத்தைப் போட்டுத் தண்ணீர் பாட்டில் மேல் சாய்த்து வைத்துக்கொள்வேன். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும். நீங்கள் மேடையில் விழுந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விழாதவன் யார். எனக்கு ஒரே ஒரு கவலைதான். எழுந்திருக்கும்போது கை கொடுக்கப் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?'

லாரி பொய். தண்ணீர் பாட்டில் பொய்யில்லை. மூன்றாம் மாடி அறையில் அவள் அப்படித்தான் சாப்பிட்டாள்.

வாசித்து முடித்தபோது நடிகர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "இவனுக்கு நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். ஆனால் அந்தப் பதிலை எங்கே அனுப்புவது? நோட்டின் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தாள். சிவப்பு டிக் போட முடியாத கடிதங்கள் அவள் வாழ்நாளில் அந்த நாற்பத்தொன்றுதான்.

நடிகர் எழுபத்துநான்காவது வயதில், ஒரு நண்பகலில், உறக்கத்திலேயே போனார். இரண்டாம் நாள் டாக்டர் பத்திரிகைகளுக்கு உண்மையைச் சொன்னார்.

அதே நாற்பது விநாடிகள் மறுபடியும் சுற்றின. இந்தத் தடவை பின்னால் வயலின். வேகத்தைக் குறைத்திருந்தார்கள். அவர் சரியும் இடத்தில் படம் கறுப்பு வெள்ளையாகி உறைந்து நின்றது. கடைசி விநாடியை வெட்டிவிட்டார்கள். அவள் கை அதில் இல்லை. விருந்து என்று கிண்டல் செய்த தொகுப்பாளர் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அப்பவே மனசுக்குள்ள ஏதோ உறுத்துச்சு" என்றார். ஒருவர் கண்ணாடிச் சட்டம் போட்ட அட்டையைக் கேமராவிடம் காட்டினார். "என்னையும் மதிச்சு அவர் கைப்பட எழுதினது." அட்டையின் தேதியைப் பார்த்த பதிலக்கா இரும்புப் பெட்டியைத் திறந்து அந்த மாதத்துக் கட்டைப் பிரித்தாள். அதே ஆளின் கடிதம் இருந்தது. 'குடிகாரப் பயலே' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். மேல் மூலையில் சிவப்பு டிக். மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நானும் அந்த வீடியோவ நாலு பேருக்கு அனுப்பினவன்தாங்க்கா" என்றார் தபால்காரர், ஐந்தாம் வாரம், மூட்டை தலையணை அளவுக்குச் சுருங்கியிருந்தபோது. "இப்ப வயலின் வெச்சது வந்துச்சு. அதையும் அதே நாலு பேருக்கு அனுப்பினேன். அவங்களும் அழுவுற பொம்மை போட்டாங்க."

"உங்களுக்கு அழுகை வந்துச்சா?"

"வந்துச்சே! அதான் ஆச்சரியமா இருக்கு."

மகள் விமானத்தில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. வீட்டை நினைவில்லமாக்கப் போவதாகச் சொன்னாள். முப்பத்தேழு வயது, காதோரம் நரை, கையில் எந்நேரமும் ஒரு பட்டியல். அப்பாவின் கண்ணாடி, அப்பாவின் செருப்பு, அப்பாவின் நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டிக்கொண்டே வந்தாள். ஒருநாள் ஃபைலோடு முன்னறைக்கு வந்தாள். முகமே மாறியிருந்தது.

"அக்கா, இது அப்பா தலகாணிக்கு அடியில இருந்துச்சு. நாப்பத்தோரு லெட்டர். ஊரே அவரப் பாத்துச் சிரிச்சப்ப இத்தன பேரு எழுதியிருக்காங்க! புத்தகமாப் போடப்போறேன். அடுத்த மாசம் வெளியீடு."

பதிலக்கா ஃபைலுக்குக் கையை நீட்டினாள். "இது வேணாம் பாப்பா. பழசுல அருமையான லெட்டரா ஆயிரம் இருக்கு. எடுத்துத் தர்றேன்."

"பழசு யாருக்கு வேணும்? நல்லா இருந்தப்ப எல்லாரும்தான் எழுதுவாங்க. இவங்கதான் கூட இருந்தவங்க."

"கூட யாருமே இல்ல பாப்பா."

"அப்புறம் இது என்ன?"

"நான் எழுதினது."

மகள் சிரித்தாள். இரண்டு கடிதங்களை உருவி நீட்டினாள். "இது வேற கையெழுத்து. இது வேற."

"அது எடது கை. இது ஸ்கேல் வெச்சு."

"அக்கா, வெளையாடாதீங்க."

பதிலக்கா மேசையில் கிடந்த பத்திரிகையின் ஓரத்தில், இடது கையால், 'ஐயா, நலமாக இருக்கிறீர்களா' என்று எழுதிக் காட்டினாள். டீச்சரின் கோணல் எழுத்து அப்படியே வந்து நின்றது. மகள் அதைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனக்கிறேன்."

"அப்ப நெசமா எழுதினது ஒருத்தர்கூட..."

"நாலு பேரு. மொத மாசம். அப்புறம் இல்ல."

அஞ்சாவதா நான் எழுதியிருக்கலாம் என்று மகள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலக்காவுக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும். "எம் பையன அங்க தமிழ் கிளாஸ்ல அந்தப் பேரு வெச்சுக் கூப்ட்டாங்கக்கா. எனக்கு அவ்ளோ கோவம் அப்பா மேல. ரெண்டு வருஷம் போன் பண்ணல. குடிச்சாருன்னுதான் நானும் நெனச்சேன்" என்று மட்டும் சொல்லி, முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. சரியாக்கா?"

"பாப்பா, அவர் சொல்லாம நான் எழுதினது அது ஒண்ணுதான். அச்சுல ஏறிட்டா அந்த எட்டு வருஷமும் யாரோ கூட இருந்த மாதிரி ஆயிடும். இல்ல. அந்த ரூம்ல நானும் அவரும்தான் இருந்தோம்."

"தெரியுதுக்கா. ஆனா எனக்கு இது வேணும்."

ஃபைலைப் பிடுங்கியிருக்கலாம். பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் 'எட்டு வருஷ மோசடி' என்று தலைப்பு வரும், அவர் ஏமாந்தவராகப் போவார், மறுபடியும் சிரிப்பார்கள். எட்டு வயதில் இதே மேசைக்கடியில் ஒளிந்து விளையாடிய பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

புத்தகம் சுடச்சுட விற்றது. அறுபத்துமூன்றாம் பக்கத்தில் லாரி ஓட்டுநரின் கடிதம். அதைத்தான் எல்லோரும் எடுத்துப் போட்டார்கள். தொகுப்பாளர் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாசித்தார். 'கை கொடுக்கப் பக்கத்தில் யாராவது இருந்தார்களா' என்ற வரியைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பையன்கள் திரிந்தார்கள்.

எழுதியவர்களும் வர ஆரம்பித்தார்கள்! முதலில் ஓட்டுநர் சங்கத் தலைவர் ஒருவர் டிவியில் வந்து, அது தன் கடிதம்தான் என்றார். மறுவாரம் இன்னொருவர் வந்து, அவர் சொல்வது பொய், அது என்னுடையது என்றார். இருவரும் உண்மையாகவே அழுதார்கள்.

"இன்னும் ரெண்டு வாரம் போனா, நானே எழுதினதா எனக்கு ஞாபகம் வந்துரும்க்கா" என்றார் தபால்காரர். "நானும் வண்டி ஓட்டுறவன்தானே?"

நினைவில்லம் திறந்த அன்று கூட்டம் தெருவை அடைத்தது. முன்னறையில் அவளுடைய மேசையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, பித்தளைப் பலகை வைத்திருந்தார்கள். 'ரசிகர்களின் கடிதங்களுக்கு அவர் தம் கைப்படப் பதில் எழுதிய இடம்.' அவளுக்கு வேலை போகவில்லை. வருகிறவர்களுக்கு வழி சொல்ல, கயிற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள, அவளைத்தான் வைத்திருந்தார்கள். தன் நாற்காலியைத் தானே காவல் காத்துக்கொண்டு நின்றாள்.

மாலை, கூட்டம் கரைந்த நேரத்தில், ஒருவர் வாசற்படியில் செருப்பை விடுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். ஐம்பது வயதிருக்கும். சட்டைக் காலரில் கிரீஸ் கறை.

"இங்க லெட்டர் பாத்துக்குற அம்மா யாருங்க?"

"நான்தான். சொல்லுங்க."

"நான் லாரி ஓட்டுறேன்" என்று புத்தகத்தை நீட்டினார். அறுபத்துமூன்றாம் பக்கத்தில் சோப்பு உறை ஒன்றை அடையாளம் வைத்திருந்தார். "இது என் லெட்டரு."

மூன்றாவது ஆள். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எந்த வருஷம் எழுதினீங்க?"

"அது... விழுந்த வருஷம்."

"என்ன மை?"

"நீலம்... நீலந்தாம்மா இருக்கும்."

"பச்சை" என்றாள் அவள்.

அவர் புத்தகத்தை மூடிக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை.

"அம்மா, மத்தவங்க மாதிரி டிவிக்குப் போக வரல. அந்த வீடியோ வந்தப்ப டீக்கடைல எல்லாரும் பாத்தோம். நானும் சிரிச்சேன். பொய் சொல்லல. சிரிச்சிட்டு வண்டில ஏறி உக்காந்தேன். அன்னிக்கும் அவரு படத்தப் போட்டுத்தான் சாப்ட்டேன். பாட்டில்லதான் சாச்சு வெப்பேன். சம்சாரம் போனதுலேந்து அப்டித்தான். சோறு எறங்கல. இவருகிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் எழுதிடணும்னு நெனச்சேன். எழுதினேனா, நெனச்சதோட விட்டுட்டேனான்னு இப்ப சத்தியமாத் தெரியல. ஆனா இதுல இருக்கறது அம்புட்டும் எனக்குள்ள இருந்தது. வேற எவனுக்கு எப்டித் தெரியும் சொல்லுங்க?"

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒரே ஒரு கொறைதாம்மா. எல்லாருக்கும் பதில் போட்டாராமே. திட்டினவனுக்குக்கூடப் போட்டாராமே. எனக்கு மட்டும் வரல."

இருபத்தொன்பது வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"விலாசம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"அவருதான் போயிட்டாரே."

"குடுங்க. வரும்."

அவர் சோப்பு உறையின் பின்பக்கத்தில் விலாசத்தை எழுதினார். பெரிய, உருண்டையான எழுத்து. அந்த எழுத்தை அவள் கற்பனை செய்து பார்த்ததே இல்லை. படியிறங்கும்போது திரும்பி, "சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்குக் காவலாளி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே உள்பக்கம் போனதும், அவள் கயிற்றைத் தூக்கி, குனிந்து நுழைந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பித்தளைப் பலகையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். கீழ் இழுப்பறையில் பழைய குறிப்பு நோட்டு இருந்தது. மடித்த பக்கம் மடித்தபடியே இருந்தது. சுருக்கெழுத்தை வாய்விட்டு வாசித்தாள். எதிரே யாரும் இல்லை. ஆனாலும் வாய்விட்டுத்தான் வாசித்தாள். பிறகு அட்டையை எடுத்து எழுதினாள்.

'தம்பி, கடிதம் கிடைத்தது. விழுந்ததைப் பற்றிக் கேட்டவர்கள் ஏராளம். எழுந்ததைப் பற்றிக் கேட்டது நீ ஒருவன்தான். கை கொடுக்க ஆள் இருந்தது. எங்கள் வீட்டுப் பதிலக்கா. வீடியோவில் கடைசியில் பார், கை மட்டும் தெரியும். அவர்களும் உன்னைப் போலத் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கேட்டால் சொல்ல மாட்டார்கள். சாப்பிடும்போது என் படத்தைப் பார்த்து வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரிக்காதே. புரைக்கேறினால் தட்டிவிட என்னால் வர முடியாது.'

அன்றைக்கு இதை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டபோது அவள் தலை நிமிரவே இல்லை. அவரும் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டாள். முதல் எழுத்துக்குத் தொப்பை வந்தது. கடைசி எழுத்து வாலாட்டியது. அதற்கும் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. 'எழுதியவர்' என்று போட்டு, யோசித்து, தன் பெயரை எழுதினாள். பழக்கமில்லாத எழுத்தாக இருந்தது. யாருக்காகவும் வளைக்காமல், வலது கையால், அவளுடையது.

அட்டையில் விலாசம் எழுதி முடித்ததும், மேசையில் காட்சிக்கு வைத்திருந்த புத்தகத்தைப் பிரித்து அறுபத்துமூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். சிவப்புப் பென்சிலின் முனை மழுங்கியிருந்தது. சீவினாள். வலது மேல் மூலையில் டிக் போட்டு, கீழே அன்றைய தேதியை எழுதினாள்.